வாசலில் நிற்பது சர்வேயா, சோதனையா?

வருமான வரிச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும் ‘ரெய்டு’ என்ற சொல் கிடைக்காது. நாம்தான் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு அடைக்கிறோம். நான்கு அதிகாரிகள் கடைக்குள் வந்து கணக்குப் புத்தகத்தைக் கேட்டாலும் ரெய்டு. விடியற்காலையில் வீட்டுக் கதவைத் தட்டி பீரோச் சாவியைக் கேட்டாலும் ரெய்டு. சட்டத்தில் இவை வேறு வேறு. முதலாவது சர்வே, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 133ஏ பிரிவு. இரண்டாவது சோதனை, அதே சட்டத்தின் 132ஆம் பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என்று இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் சர்வே 253ஆம் பிரிவிலும் சோதனை 247ஆம் பிரிவிலும் வருகின்றன. எண்கள் மாறினாலும் இரண்டும் தனித்தனி அதிகாரங்களாகவே நீடிக்கின்றன.

இந்த வித்தியாசம் தெரியாமல் ஜனங்கள் படும் பாட்டை, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். சர்வேக்கு வந்தவர்களிடம், அவர்கள் கேட்காமலேயே, வீட்டு லாக்கர் சாவியை எடுத்து நீட்டியவர் உண்டு. வாரண்டோடு சோதனைக்கு வந்தவர்களை “ஆடிட்டர் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று வாசலில் நிறுத்திவைத்து, வேலையைத் தடுத்தவர் என்ற பெயரை வாங்கிக்கொண்டவரும் உண்டு. இரண்டு பேருமே தங்கள் கையில் கொடுக்கப்பட்ட தாளைப் படிக்கவில்லை.

முதல் பத்து நிமிடம் அந்தத் தாளுக்குத்தான். வந்தவர்களை உட்காரச் சொல்லுங்கள், அடையாள அட்டையைப் பார்க்கக் கேளுங்கள், ஆணையை வாங்கிப் படியுங்கள். எந்தப் பிரிவு, யார் பெயர், எந்த முகவரி, யார் கையெழுத்து என்ற நான்கையும் பார்க்க வேண்டும். சோதனை என்றால் வாரண்டைப் படித்துப் பார்த்ததற்கு அடையாளமாக உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். அது வாரண்டைப் பார்த்தேன் என்பதற்கு மட்டுமே, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று காரணம் கேட்டால் பதில் கிடைக்காது. சோதனைக்கு உத்தரவிடும் அதிகாரி தன் நம்பிக்கைக்கான காரணங்களை எழுதி வைத்திருக்க வேண்டும், ஆனால் அதை யாரிடமும், தீர்ப்பாயத்திடம்கூட, வெளியிட வேண்டியதில்லை என்று 2017இல் சட்டத்தைத் திருத்தி எழுதிவிட்டார்கள்.

அடையாள அட்டையைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். 1987 மார்ச் 19 அன்று மும்பை ஓபரா ஹவுஸ் பகுதியில் பெயர்பெற்ற நகைக்கடை ஒன்றுக்குள், மத்தியப் புலனாய்வுத் துறை அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவர் ஆட்களோடு நுழைந்தார். சோதனை என்று சொல்லியே நகைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூட வந்த இளைஞர்கள் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து வேலைக்குச் சேர்ந்தவர்கள். நிஜமான சோதனைக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அவர்களே நம்பியிருந்தார்கள். நிஜ அதிகாரி, அட்டையைக் கேட்டால் கோபப்பட மாட்டார். கேட்பது உங்கள் உரிமை என்று அவருக்கே தெரியும்.

சரி, தாளில் 133ஏ (புதிய சட்டத்தில் 253) என்று இருக்கிறது, அதாவது சர்வே. அவர்கள் நுழையக்கூடிய இடம் தொழில் நடக்கும் இடம், நுழையக்கூடிய நேரம் தொழில் நடக்கும் நேரம். கணக்குப் புத்தகமோ சரக்கோ வேறு இடத்தில் இருப்பதாக நீங்களே சொன்னால் அங்கேயும் போகலாம், ஆனால் சூரியன் உதித்த பிறகு, மறைவதற்கு முன்பு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். “பழைய பில் புக்கெல்லாம் வீட்டில் கிடக்கிறது” என்று பேச்சுவாக்கில் சொன்னால், வீட்டுக்கும் வர வழி திறந்துவிட்டீர்கள் என்று பொருள். உண்மை அதுவென்றால் மறைக்கக் கூடாது. நிச்சயமாகத் தெரியாததை வாய்தவறிச் சொல்லாமல் இருந்தால் போதும். இன்னொன்று, நுழைவதற்குத்தான் நேரக் கட்டுப்பாடு, கிளம்புவதற்குக் கிடையாது. மதியம் தொடங்கிய சர்வே நள்ளிரவு வரை போவது சாதாரணம்.

சர்வேயில் அவர்கள் கணக்கைப் பார்க்கலாம், கல்லாப் பணத்தை எண்ணலாம், சரக்கை எண்ணிப் பட்டியல் போடலாம், கணக்கில் அடையாளக் குறி இடலாம், நகல் எடுக்கலாம், வாக்குமூலம் பதியலாம். காரணத்தை எழுத்தில் பதிவு செய்துவிட்டு, கணக்குப் புத்தகங்களை எடுத்துச் செல்லவும் செய்யலாம். உயரதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் அவற்றை விடுமுறை நாட்கள் நீங்கலாக 15 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆனால் பணம், சரக்கு, நகை ஆகியவற்றில் ஒன்றைக்கூட எந்தக் காரணத்துக்காகவும் அங்கிருந்து எடுத்துச் செல்லக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. உங்கள் பையைத் துழாவுவது, பூட்டை உடைப்பது போன்றவையும் சர்வேயில் கிடையாது. ஒத்துழைக்க மறுத்தால் நிலைமை மாறும். சம்மன் கொடுத்துச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்கும் அதிகாரம் அப்போது அவர்களுக்கு வந்துவிடும். பெரிய அளவில் மறைப்பு இருப்பதாகத் தோன்றினால், மேலிடத்திலிருந்து வாரண்ட் வாங்கி அதே நாளில் சர்வேயைச் சோதனையாக மாற்றுவதும் உண்டு.

(பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: கல்யாணம் போன்ற விசேஷம் முடிந்த பிறகு, அதற்கு ஆன செலவைப் பற்றி விசாரிக்கும் அதிகாரமும் இதே 133ஏ பிரிவில்தான் இருக்கிறது.)

தாளில் 132 (புதிய சட்டத்தில் 247) என்று இருந்தால் எல்லாமே வேறு. வீடு, கடை, வண்டி, லாக்கர் என்று எதையும் சோதிக்கலாம். சாவி கொடுக்காவிட்டால் பூட்டை உடைக்கலாம். கணினி, போன் ஆகியவற்றில் உள்ள கணக்கு விவரங்களைப் பார்க்க வசதி செய்து தரவேண்டியது உங்கள் கடமை. மறுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. லாக்கர் அல்லது பீரோவின் மேல் தடை உத்தரவு போட்டுவிட்டுப் போனால் அதைத் தொடக் கூடாது, மீறினால் அதற்கும் அதே இரண்டு ஆண்டு. அந்தத் தடை உத்தரவின் ஆயுள் 60 நாட்கள்.

ஆனால் வாரண்ட் வந்தாலும் உங்கள் உரிமைகள் போய்விடுவதில்லை. சோதனைக்கு ஆளானவரின் உரிமைகள், கடமைகள் என்று துறையே ஒரு பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அக்கம்பக்கத்தைச் சேர்ந்த மரியாதைக்குரிய இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். சோதனை தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும், வந்தவர்களையே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். நான் பார்த்தவரை இதை யாரும் கேட்பதே இல்லை. கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்ற பயம். உங்கள் வீட்டுக்குள் எதுவும் கொண்டுவந்து வைக்கப்படவில்லை, எதுவும் வெளியே போகவில்லை என்பதற்கு அது இரண்டு தரப்புக்கும் பாதுகாப்பு. பெண்களைப் பெண் அதிகாரிதான் சோதிக்க வேண்டும். குழந்தைகளைப் புத்தகப் பையைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு அனுப்பலாம். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் டாக்டரை அழைக்கலாம். வேளாவேளைக்குச் சாப்பிடலாம். சர்க்கரை நோயாளியான ஒரு பெரியவர், எழுந்து போனால் சந்தேகப்படுவார்களோ என்று பகல் இரண்டு மணி வரை மாத்திரை போடாமல், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதிகாரிக்கு அது தெரிந்ததும் அவர்தான் பதறிப்போனார். கேட்டால் கிடைக்கும். கேட்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நகையைப் பற்றித்தான் வீடுகளில் அதிகம் கலங்குவார்கள். 1994 மே 11 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் பிறப்பித்த அறிவுறுத்தலின்படி, திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரையிலான நகைகளைப் பறிமுதல் செய்யக் கூடாது. நம் கணக்கில் 62½ பவுன், 31¼ பவுன், 12½ பவுன். குடும்பத்தின் நிலையையும் வழக்கத்தையும் பார்த்து அதற்கு மேலும் விட்டுவிட அதிகாரிக்கு இடம் உண்டு. இதை ‘இதற்கு மேல் நகை வைத்திருக்கக் கூடாது’ என்று தலைகீழாகப் புரிந்துகொண்டு பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. வாங்கிய பில்லோ, பாட்டியின் உயிலோ, காட்டிய வருமானமோ கையில் இருந்தால் எத்தனை பவுனும் வைத்திருக்கலாம். வியாபாரச் சரக்குக்கும் இப்படி ஒரு காப்பு உண்டு. 2003 ஜூன் 1 முதல், கடையின் விற்பனைச் சரக்கைப் பட்டியல் எடுக்கலாமே தவிரப் பறிமுதல் செய்ய முடியாது. நகைக்கடைக்காரருக்கு நகையும் சரக்குதான்.

ஆடிட்டரை அழைக்க அனுமதி கேட்கலாம். சர்வேயில் பெரும்பாலும் விடுவார்கள். சோதனையில் போனைக்கூடத் தொடவிடாமல் இருக்க வாய்ப்பு அதிகம். விசாரணையின்போது வக்கீல் உடன் இருப்பதை உரிமையாகக் கோர முடியாது என்று 1992இல் பூல்பாண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சுங்கம், அந்நியச் செலாவணி விசாரணை தொடர்பான வழக்கு என்றாலும், வரி அதிகாரிகள் எல்லோரும் அதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆகவே கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் மட்டும்தான்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தப் பதிலைப் பற்றிச் சொல்லத்தான். எண்ணிய பணமும் எழுதிய பட்டியலும் இருப்பதை இருப்பதாகக் காட்டுபவை. வழக்கைத் தூக்கி நிறுத்துவது வாக்குமூலம். அதைக் கொடுக்கும்போது நீங்கள் பதினான்கு மணி நேரம் விழித்திருப்பீர்கள், வாசலில் கூட்டம் நிற்கும், வீட்டில் அழுகை கேட்கும், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருக்கும்.

ஒரு கம்பி வியாபாரி. நான் போய்ச் சேர்ந்தபோது சர்வே பாதி முடிந்திருந்தது. மேசை இழுப்பறையில் காலண்டர் தாளைக் கிழித்து எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. அதில் இரண்டே வரி: ‘மு 3.50’, ‘க 2.75’. இரவு ஒன்பதே கால் மணிக்கு அந்தச் சீட்டை எடுத்து வைத்து, இது என்ன என்று கேட்டார் அதிகாரி. வியாபாரிக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. “யாருக்காவது கொடுத்த பணமா? லட்சத்திலா?” என்று அடுத்த கேள்வி வந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “இருக்கலாம் சார்” என்றார். வாக்குமூலத்தில் அது ‘ரொக்கமாகக் கைமாற்றுக் கொடுத்தது, தொகை லட்சத்தில்’ என்று ஏறியது. ஆறேகால் லட்சம். அவர் கையெழுத்துப் போட்டார். நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அன்று நான் அங்கே பேசலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியாது.

நான்கு நாள் கழித்து அந்தச் சீட்டின் தேதியை வைத்துத் தேடினோம். எடைமேடைச் சீட்டுகளைக் கோத்து வைத்த கம்பியில், அதே தேதியில், இரண்டு லோடு. ஒன்று 3.50 டன், மற்றொன்று 2.75 டன். இரண்டுக்கும் பில் இருந்தது, விற்பனைக் கணக்கிலும் ஏறியிருந்தது. ‘மு’வும் ‘க’வும் லாரி டிரைவர்களின் பெயர்கள். அந்தக் கம்பி மேசைக்குப் பின்னால் அதே சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் சான்றுகளோடு எழுத்தில் மறுப்புக் கொடுத்தோம். அப்படியும் வரி விதிப்பு ஆணையில் அந்தத் தொகை சேர்ந்தது. மேல்முறையீட்டில்தான் நீங்கியது. அந்த அதிகாரி மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பூஜ்யங்களை விட்டுவிட்டு எழுதும் கணக்குகளை அவர் எத்தனையோ பார்த்திருப்பார். கேட்பது அவர் வேலை. ‘இருக்கலாம்’ என்ற சொல் எங்கள் பக்கத்திலிருந்து போனதுதான் தப்பு.

“இப்போது நினைவில்லை, கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன், இரண்டு நாள் கொடுங்கள்” என்பது முறையான பதில். அது உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னால் அது பொய் வாக்குமூலம், தனிக் குற்றம். ஆனால் தெரியாததை ஊகித்துச் சொல்லும்படி எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கேள்வியையும் பதிலையும் எழுதிய பிறகு முழுவதும் படியுங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், புரியவில்லை என்றால், தமிழில் விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது ஒன்று, எழுதியது வேறு என்றால் திருத்தச் சொல்லுங்கள். திருத்த மறுத்தால் கையெழுத்துக்கு மேலே அதை உங்கள் கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சர்வே வாக்குமூலத்துக்கும் சோதனை வாக்குமூலத்துக்கும் எடையில் வித்தியாசம் உண்டு. 132ஆம் பிரிவின் கீழ் சத்தியப் பிரமாணத்தின் பேரில் பதிவதைச் சாட்சியமாகவே பயன்படுத்தலாம். 133ஏ பிரிவில் பிரமாணம் செய்விக்கும் அதிகாரம் இல்லை, ஆகவே அந்த வாக்குமூலத்தை மட்டும் வைத்து வரி போட முடியாது என்று எஸ். காதர் கான் சன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2012இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 1961 சட்டத்தின் சொற்களை வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. தீர்ப்பு இருக்கிறதே என்று அலட்சியமாகப் பேச வேண்டாம். உங்கள் வாக்குமூலத்துக்கு ஒத்த ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தால் போதும், இரண்டும் சேர்ந்து எடை கூடிவிடும்.

‘இத்தனை லட்சம் கணக்கில் வராத வருமானம்’ என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி அழுத்தம் வந்தால், ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். சோதனையிலும் சர்வேயிலும் ஒப்புதல் வாங்க முயலக் கூடாது, சான்றுகளைச் சேகரிப்பதில் கவனம் வைக்க வேண்டும் என்று 2003 மார்ச் 10 அன்று வாரியமே தன் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. 2014 டிசம்பரில் அதை மீண்டும் வலியுறுத்தியது. ஜிஎஸ்டி பக்கத்திலும் இதே கதை நடந்தது. சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே ‘தானாக முன்வந்து கட்டுவதாக’ டிஆர்சி 03 படிவத்தில் பணம் கட்டவைக்கிறார்கள் என்ற புகார்கள் பெருகி, 2022 மே 25 அன்று, அப்படி வற்புறுத்தக் கூடாது என்று மறைமுக வரிகள் வாரியம் அறிவுறுத்தல் வெளியிட்டது. உண்மையிலேயே விட்டுப்போன வருமானம் இருந்தால் ஒப்புக்கொண்டு வரி கட்டுவது நல்லதுதான். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும், இரவு இரண்டு மணிக்கு ஒரு குத்துமதிப்பு எண்ணைச் சொல்லி அல்ல.

தவறாகச் சொல்லிவிட்டால் திரும்பப் பெற முடியாதா? முடியும். ஒப்புதல் மிக முக்கியமான சான்று, ஆனால் முடிந்த முடிவு அல்ல, அது தவறு என்று காட்ட ஒப்புக்கொண்டவருக்கு வாய்ப்பு உண்டு என்று புல்லங்கோடு ரப்பர் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பழைய தீர்ப்பு இன்றும் நிற்கிறது. ஆனால் சில நாட்களுக்குள் செய்ய வேண்டும், எழுத்தில் செய்ய வேண்டும், சான்றோடு செய்ய வேண்டும். எட்டு மாதம் கழித்து “மிரட்டி வாங்கினார்கள்” என்று மட்டும் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சோதனையே சட்டப்படி நடக்கவில்லை, ஆகவே கிடைத்ததெல்லாம் செல்லாது என்று வாதாடலாமே என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பூரண் மல் வழக்கில் 1973 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. முறைகேடான சோதனையில் கிடைத்த ஆவணத்தையும் வரி விதிப்பில் பயன்படுத்தலாம் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. அதனால் வாரண்டில் எழுத்துப்பிழை கண்டுபிடிப்பதில் செலவிடும் நேரத்தை, உங்களிடம் உள்ள பில்களைத் தேடுவதில் செலவிடுவது நல்லது.

சோதனையில் என்ன நடந்தது, எது கிடைத்தது என்று சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவுக்குப் பஞ்சநாமா என்று பெயர். அவர்கள் கிளம்புமுன் அதன் நகலை, எல்லா இணைப்புகளோடும், வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகம், எத்தனை பக்கம், எந்த ஹார்ட் டிஸ்க், எவ்வளவு பணம், எத்தனை கிராம் என்று ஒவ்வொன்றையும் அதில் சரிபாருங்கள். முத்திரைகளையும் பாருங்கள். வாக்குமூலத்தின் நகல் அன்றே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தும்போது கேட்டு வாங்கும் உரிமை உண்டு. ஆகவே என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்பதை அன்றிரவே, தூங்குவதற்கு முன்பு, ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். காலையில் பாதி மறந்திருக்கும்.

பின்னால் வரும் வரி விதிப்பு நீண்ட வேலை. 2024 செப்டம்பர் 1 முதல் தொடங்கும் சோதனைகளுக்கு, முந்தைய ஆறு ஆண்டுகளையும் சேர்த்து ஒரே தொகுப்பாக மதிப்பிட்டு, வெளிவராத வருமானத்துக்கு 60% வரி என்ற முறையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது ஆடிட்டரோடு உட்கார்ந்து செய்ய வேண்டியது. அதற்கெல்லாம் முன்னால் ஒரு தேதி இருக்கிறது, பலர் அதைக் கோட்டை விடுகிறார்கள். பறிமுதல் செய்த பணமோ நகையோ கணக்கில் உள்ளதுதான் என்று காட்ட முடிந்தால், 1961 சட்டத்தின் 132பி பிரிவின் கீழ் அதை விடுவிக்கக் கேட்கலாம். பறிமுதல் நடந்த மாதத்தின் கடைசி நாளிலிருந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அது எப்படி வந்தது என்பது அதிகாரிக்குத் திருப்தியாக இருந்து, பழைய வரி பாக்கியும் இல்லையென்றால், கடைசி வாரண்ட் நிறைவேறிய நாளிலிருந்து 120 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். சோதனை 10ஆம் தேதி நடந்திருந்தாலும் 28ஆம் தேதி நடந்திருந்தாலும் கணக்கு மாதக் கடைசியிலிருந்துதான் தொடங்கும். பஞ்சநாமா கைக்கு வந்த அன்றே காலண்டரில் அந்த நாளைக் குறித்துவிடுங்கள்.